உடுக்கை, அச்சு, திரை: கதையை இழக்கும் அச்சம் குறித்துச் சில குறிப்புகள்

1

பிரியமான ஒரு நாவல் படமாகப் போகிறது என்று செய்தி வந்ததும் வாசகருக்குள் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘நம்ம கதை பெருசா வரப்போகுது’ என்பது ஒன்று. ‘கெடுத்துப்புடுவாங்களோ’ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது குரலை நமது விமர்சகர்கள் ரசிக மனோபாவம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அல்லது மூலத்திற்கு விசுவாசமா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்தி முடித்துக்கொள்வார்கள்.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தோண்டினால் அடியில் கிடப்பது ரசனை மட்டுமல்ல, உடைமையும்தான். ஒரு கதை யாருடையது, அது கைமாறும்போது பதறுவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது, யாருடைய பதற்றம் காதில் விழுகிறது என்பவையே எனக்கு முக்கியமான கேள்விகளாகப் படுகின்றன. கொங்கு நாட்டில் நின்றுகொண்டு மூன்று கதைகளை முன்வைத்து இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

2

முதல் கதை ‘மலைக்கள்ளன்’. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் பிறந்தவர், காந்தியவாதி, 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்திற்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தவர். அவருடைய நாவல் மலையில் மறைந்து வாழும் ஒரு மாய மனிதனின் சாகசக் கதை. அதைக் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் படமாக எடுத்தார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வசனம் மு. கருணாநிதி. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று இந்தக் கதை மேலும் ஐந்து மொழிகளில் படமாயிற்று.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இங்கே, மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் என்று, பஞ்சாலை முதலாளியம் வளர்ந்த மண்ணிலேயே தமிழ் சினிமாவின் ஒரு பகுதியும் வளர்ந்தது. ஆகவே கொங்கு எழுத்தாளனின் கதையைக் கொங்கு ஸ்டூடியோ எடுத்தது என்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறிடத்தில் இருக்கிறது. காங்கிரஸ்காரரின் நாவல் திராவிட இயக்கத்து வசனகர்த்தாவின் பேனா வழியாக, தி.மு.க.வில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு நடிகரின் உடம்பில் ஏறியது. ஏழைகளுக்காகச் சட்டத்தை மீறும் நாயகன் என்கிற எம்.ஜி.ஆர். பிம்பம் உருத்திரண்ட படங்களில் இது முக்கியமானது. இன்று ‘மலைக்கள்ளன்’ என்று சொன்னால் எத்தனை பேருக்கு நாமக்கல் கவிஞர் ஞாபகம் வருகிறது? படம் நாவலைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாக எடுக்கப்பட்ட படம்தான். நன்றாக எடுத்ததாலேயே நாவல் காணாமல் போயிற்று. வாசகர் அஞ்சவேண்டியது மோசமான படத்துக்கு மட்டுமல்ல என்பதற்கு இது முதல் சாட்சி.

3

இரண்டாவது கதை எல்லோருக்கும் தெரியும். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’யில் வாரம்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வன்’. 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றார், நடக்கவில்லை. மணிரத்னம் இடையில் எடுத்த முயற்சிகளும் கைகூடாமல் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஒரு மொழிச் சமூகம் எடுக்கப்படாத ஒரு படத்தைத் தன் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது. தொடர்கதையின் பக்கங்களைக் கத்தரித்து பைண்டிங் செய்து வைக்காத நடுத்தர வர்க்க வீடு அந்தக் காலத்தில் குறைவு. வந்தியத்தேவனாக யார், நந்தினியாக யார் என்ற விளையாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஆடினோம். மணியம் வரைந்த முகங்கள் ஒரு பக்கம், அவரவர் வரைந்துகொண்ட முகங்கள் ஒரு பக்கம்.

இந்த நாவலை வரலாற்று நாவல் என்கிறோம். ஆனால் தமிழ் வாசகருக்கு அது செய்த காரியம், ஆங்கில வாசகருக்கு டோல்கீனின் கற்பனை உலகம் செய்த காரியத்துக்கு நெருக்கமானது. வரைபடம் போட்டுக் காட்டக்கூடிய ஒரு முழு உலகம். அதற்குள் குடியேறிவிட்ட லட்சக்கணக்கானோர். 2001இல் ‘மோதிரங்களின் தலைவன்’ முதல் படம் வந்தபோது டாம் பாம்படில் எங்கே என்று அங்கே கேட்டார்கள். இங்கே மணிமேகலை எங்கே என்று கேட்டோம். சம்புவரையர் மகள் மணிமேகலை இரண்டு பாகங்களிலும் இல்லை. கதையின் ஓட்டத்துக்கு அவள் தேவையில்லை என்று திரைக்கதை தீர்மானித்திருக்கலாம். ஆனால் கைகூடாத பிரியத்துக்கு அந்த நாவலில் இருந்த ஒரு பெண் உருவம் அவள். அவளோடு தன்னை வைத்து வாசித்த பெண்களுக்கு அது வெறும் வெட்டல்ல.

ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்கவேண்டும். டோல்கீனின் உலகம் புனைவு என்று எல்லோருக்கும் தெரியும். சோழ நாட்டை நாம் புனைவாக வாசித்துவிட்டு வரலாறாக நினைவு வைத்துக்கொண்டோம். அதனால் நம் அச்சம் சீக்கிரமே வேறு வேஷம் போட்டது. ஆதித்த கரிகாலன் நெற்றியில் திலகம் ஏன் இல்லை என்று வழக்கறிஞர் நோட்டீஸ் போயிற்று. ராஜராஜனை இந்து அரசனாக்குகிறார்கள் என்று வெற்றிமாறன் 2022 அக்டோபரில் பேசியதை ஒட்டி ஒரு மாதம் சண்டை நடந்தது. நாவல் ரசிகரின் ‘என் கதை’ எந்தக் கணத்தில் ‘எங்கள் வரலாறு’ ஆகி, எந்தக் கணத்தில் ‘எங்கள் மதம்’ ஆகிறது? எல்லைக்கோடு தெரிவதே இல்லை.

கொங்கு வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. ஆதித்த சோழன் கொங்கைப் பிடித்துக்கொண்டான் என்று ‘கொங்குதேச ராஜாக்கள்’ சொல்கிறது. அதாவது இந்தக் கதையின் பேரரசு நம்மை ஜெயித்த பேரரசு. ஆனாலும் கோவைத் தியேட்டர்களில் புலிக்கொடிக்குக் கைதட்டினோம். அச்சு நாவல் கற்பித்த சமூகம் நம் ஊர் ஞாபகத்தை விடப் பலமானது எனலாம்.

4

அந்த ஊர் ஞாபகத்தில் இருந்த கதைதான் மூன்றாவது. அண்ணன்மார் சாமி கதை. குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னர், சங்கர் என்னும் இரட்டையர், அவர்கள் தங்கை அருக்காணி. வேட்டுவரோடு பகை. வேட்டுவப் பெண் வளர்த்த கொம்பன் என்னும் காட்டுப்பன்றி. அதை மடக்கும் ஒரு சின்ன நாய். திருமால் மாயவராக வந்து விளையாடும் விளையாட்டு. அண்ணன்மார் தாங்களே உயிரை விடுவதும் தங்கை அவர்களை எழுப்புவதும். மாயப்புனைவு வேண்டும் என்று வெளியே தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது அச்சில் பிறந்த கதையல்ல. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்பட்டது. 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் இதை ஒலிப்பதிவு செய்தார். அதை ஆராய்ந்து அவர் எழுதிய ‘மூன்று இரட்டையர்’ 1982இல் வந்தது. சக்திக்கனல் இந்தக் கதையை அச்சுக்குக் கொண்டுவந்தார். மு. கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ என்று வரலாற்று நாவலாக எழுதினார். 2011 ஏப்ரலில் அவருடைய வசனத்தோடு தியாகராஜன் இயக்கத்தில் படமாக வந்தது. பிரசாந்த் இரட்டை வேடம், இசை இளையராஜா. ‘மலைக்கள்ளன்’ எழுதிய அதே பேனா 57 ஆண்டுகள் கழித்து இன்னொரு கொங்குக் கதைக்குத் திரும்பி வந்தது.

அப்போது நான் கல்லூரி மாணவன். எங்க அப்பாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் காட்டினேன். வாழ்நாளெல்லாம் உடுக்கைப் பாட்டுக் கேட்டவர். வெளியே வந்து டீ குடிக்கும்போது, “எப்படீங்கப்பாரு இருந்துது?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாஞ் செரித்தான் சாமி. ஒருத்தருமே உளுகுலையே?”

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. அவர் கேட்டது படுகளம். பாட்டு அண்ணன்மார் சாகும் இடத்துக்கு வரும்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களில் சிலருக்கு அருள் வந்து விழுவார்கள். செத்தவர்களாகக் கிடத்தி வைத்துப் பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். வீரப்பூர் மாசித் திருவிழாவிலும் படுகளம் உண்டு. அங்கே கேட்பவர் கதைக்குள் விழுந்து எழுந்து வருகிறார். கதை கேட்பவருக்குக் கதைசொல்லி துணை இருக்கிறார், நாவல் வாசகர் தனியாள் என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதினார். தனியாளாக வாசித்தவருக்குத் தன் மனப்படத்தை இழக்கும் அச்சம் வருகிறது. அப்பாருக்கு அந்த அச்சம் இல்லை. பாடகர் ஊருக்கு ஊர் மாற்றிப் பாடுவார் என்பது அவருக்குத் தெரியும், மூலம் என்று ஒன்றை அவர் பிடித்து வைத்திருக்கவில்லை. அவர் இழந்தது விழுவதற்கான இடத்தை.

5

ஆனால் வாய்மொழி மரபைப் பொற்காலமாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. உடுக்கைப் பாட்டிலும் வேட்டுவர் எதிரிகள்தான். வெள்ளாளரின் உழவு காட்டை விழுங்கிய வரலாறு அதில் வெள்ளாளர் பக்கமிருந்தே சொல்லப்படுகிறது. வேட்டுவக் கவுண்டர்கள் இன்றும் நம்மோடு வாழும் மக்கள். அண்ணன்மாருக்காகப் பன்றி வேட்டையில் முன்னால் நிற்கும் சாம்புகன் பறையர் வீட்டுப் பிள்ளை. அவன் விசுவாசம் பாடப்படுகிறது. அவன் கூலி பாடப்படுவதில்லை. ‘நம்ம கதை திரையில வருது’ என்று ஒரு தெரு சந்தோஷப்பட்டபோது அடுத்த தெருவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நாவல் ரசிகர்கள் கேட்கவில்லை. அப்பாரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

பாட்டில் ஒரு வழி இருந்தது. ஒரு பாடகர் வேட்டுவப் பெண்ணின் அழுகையை நீட்டிப் பாடலாம். இன்னொரு ஊரில் சாம்புகனுக்கு அதிக நேரம் கிடைக்கலாம். அச்சு அந்த வழியைக் குறுக்குகிறது. பெரும் முதலீட்டுப் படம் ஏறக்குறைய அடைத்தே விடுகிறது. அந்தப் படம் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு வெளிவந்தது என்பதையும், 2009இல் தொடங்கப்பட்ட கொங்குநாடு முன்னேற்றக் கழகம் அத்தேர்தலில் தி.மு.க. அணியில் நின்றது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்று என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. சாமி கதை சாதிக் கதையாகவும் சாதிக் கதை வாக்குக் கதையாகவும் வாசிக்கப்படக்கூடிய காலம் அது என்று மட்டும் சொல்லலாம்.

கதையின் மேல் உரிமை கொண்டாடும் பதற்றம் எதுவரை போகும் என்பதையும் கொங்கு பார்த்துவிட்டது. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி நடந்தது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவரால் திரும்ப முடிந்தது. பார்த் சொன்ன ‘ஆசிரியனின் மரணம்’ வாசகனைப் பிறப்பிப்பதற்காக. திருச்செங்கோட்டில் ஆசிரியனைச் சாகடித்தது வாசிப்பு அல்ல, சாதி.

ஆகவே பிரியமான நாவல் படமாகும்போது வரும் பதற்றத்தைக் கேலி செய்யவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். மணிமேகலை எங்கே என்று கேட்பவர் கதைக்குள் இன்னொருவருக்கு இடம் கேட்கிறார். திலகம் எங்கே என்று கேட்பவர் இருக்கிறவர்களை வெளியே தள்ளுவதற்கு அடையாளம் தேடுகிறார். இரண்டும் ‘மூலத்தைக் கெடுக்காதே’ என்ற ஒரே வாக்கியத்தில்தான் பேசுகின்றன. பிரித்துக் கேட்பது நம் வேலை.

அண்ணன்மார் கதையை இன்னொருவர் படமாக எடுக்க வரக்கூடும். அப்போது பிரசாந்தை விட நல்ல நடிகர் யார் என்று நாம் விவாதிப்போம். அதற்கு முன்னால் வேட்டுவர் தெருவிலும் சாம்புகன் தெருவிலும் போய், இந்தக் கதையை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று யாராவது கேட்டு எழுதி வைத்தால் தேவலை. நம்மில் யாருக்கு அந்த வேலைக்கு நேரமிருக்கிறது?