மூன்று லட்சம் கையெழுத்தும் ஒரு கையெழுத்தும்

அத்தியாயம் 6

நெதர்லாந்தின் பேஸ்ட் கிராமத்து மாவாலைக்காரரின் மகள், புதிதாக வந்த போதகர் ஆபிரகாம் கைப்பருக்குக் கைகொடுக்க மறுத்ததைப் போன வாரம் பார்த்தோம். நவீன இறையியல் படித்துவிட்டு வந்த அந்த இளைஞர், முன்னோரின் விசுவாசத்தை அந்தப் பெண்ணைப் போன்ற எளிய மனிதர்களிடம்தான் மறுபடி கற்றுக்கொண்டார்.

இப்போது 1878. அதே கைப்பர் 'டி ஸ்டாண்டார்ட்' நாளேட்டின் ஆசிரியர். ஹேக் நகரிலிருந்து வரும் செய்தி அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாராளவாத அமைச்சர் கப்பேய்னே கொண்டுவந்த பள்ளிச் சட்டத்தை ஜூலையில் கீழவை நிறைவேற்றிவிட்டது.

சட்டத்தில் நல்லதும் இருந்தது. விசாலமான கட்டடம், தகுதியுள்ள ஆசிரியர், வகுப்புக்கு அளவான பிள்ளைகள். இதை யார் வேண்டாமென்பார்கள்? செலவு யார் தலையில் என்பதுதான் கேள்வி. பொதுப்பள்ளிச் செலவில் 30 விழுக்காட்டை அரசுக் கருவூலம் ஏற்கும். வேதாகமப் பள்ளிக்கு ஒரு காசும் கிடையாது. ஆனால் அதே தரத்தை அதுவும் எட்டியாக வேண்டும். தன் பிள்ளை போகாத பள்ளிக்கு வரி கட்டிவிட்டு, போகிற பள்ளிக்குத் தனியாகவும் கொடுக்க வேண்டும் ஓர் ஏழை மீனவர். முடியாதவரின் பிள்ளைக்கு வேதம் இல்லாத வகுப்பறைதான் கதி.

'மதச்சார்பற்ற பள்ளி நடுநிலையானதுதானே?' என்றார்கள் தாராளவாதிகள். கைப்பரின் ஆசான் க்ரூன் வான் பிரின்ஸ்டரர் 1847-இலேயே இதற்கு விடை எழுதிவிட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் வேர் தெருக்கலவரத்தில் இல்லை, கடவுளின் இடத்தில் மனிதச் சித்தத்தை வைத்ததில் இருக்கிறது என்றார். கடவுளைப் பேசாமல் விடுவதும் ஒரு போதனைதான். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

வாக்குச்சீட்டால் இதைத் தடுக்க முடியுமா? குறிப்பிட்ட அளவு வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே அன்று வாக்குரிமை. கூலிக்காரருக்கும் சிறு குடியானவருக்கும் மிஞ்சியது ஒரே வழி: அரசரிடம் முறையிடுவது.

ஐந்தே நாளில் கையெழுத்து திரண்டது. எண்ணிப் பார்த்தால் 3,05,102! நாட்டின் மக்கள்தொகையே சுமார் 40 லட்சம்தான். கத்தோலிக்கர்கள் தனியே தொடுத்த மனுவில் இன்னும் 1,64,000 பேர். ஸ்பெயினுக்கு எதிரான எண்பதாண்டுப் போரின் தழும்புகளை இரண்டரை நூற்றாண்டாகச் சுமந்து, ஒருவரையொருவர் சந்தேகித்தே வாழ்ந்த இரு சபையார், பிள்ளைகளுக்காக ஒரே வாசலைத் தட்டினார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இது.

ஆகஸ்ட் 3. ஹெட் லோ அரண்மனை. எலவுட் வான் சூட்டர்வூடே தலைமையில் தூதுக்குழு மூன்றாம் வில்லியம் அரசரிடம் மனுவை ஒப்படைத்தது. கேட்டது ஒன்றுதான்: 'இந்தச் சட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.'

அரசர் கையெழுத்திட மறுத்தால், தம் அமைச்சரவையையும் நாடாளுமன்றத்தையும் பகைக்க வேண்டும். இட்டால், தம்மையே நம்பி வந்த எளிய ஜனத்தைக் கைவிட வேண்டும்.

நாட்கள் நகர்ந்தன. மேலவையும் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 17 அன்று முடிவு தெரிந்தது. அந்தத் தேதியை அந்த ஜனங்கள் மறக்கவேயில்லை. பின்னாளில் ஆண்டுதோறும் அதே நாளையொட்டித் தங்கள் பள்ளிகளுக்காகக் காணிக்கை திரட்டினார்கள்.

அது வெற்றியைக் கொண்டாடிய காணிக்கையா, காயத்தை மறக்கக் கூடாதென்று எடுத்த காணிக்கையா?

(தொடரும்)