புளியரை வழியே போன அரிசி

கள்ளச்சந்தை என்றதும் இருட்டும் மறைவிடமும் அடியாட்களும்தான் நினைவுக்கு வரும். 1960, 70-களில் நம் தாமிரபரணிச் சீமையில் நடந்த அரிசிக் கடத்தலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பட்டப்பகலில், கொல்லம் போகும் பாசஞ்சர் ரயிலில், ஊரறிய நடந்த வியாபாரம் அது.

காரும் பிசானமுமாக இரு பூ விளையும் ஆற்றுப் பாசனம் நம்முடையது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். தன் தேவையில் பாதி அரிசியைக்கூட விளைவிக்க முடியாத நாடு. 1904-லேயே செங்கோட்டை வழியாக ரயில் பாதை வந்துவிட்டது. அரிசி மேற்கே போவது தண்ணீர் பள்ளத்துக்குப் போவதைப் போலத்தான்.

எல்லையும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே கிடந்த கோடு, அன்றைக்குப் புளியரைக்கு அப்பால் நகர்ந்தது. இரு பக்கத்துக் கொண்டான் கொடுத்தான் உறவு அப்படியே இருந்தது.

1957-இல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்து ஒரே அரிசி மண்டலம் ஆக்கினார்கள். 1964-இல் அதைக் கலைத்து, மாநிலத்துக்கு ஒரு மண்டலம் என்றார்கள். நேற்றுவரை வியாபாரம் என்றிருந்தது மறுநாள் கடத்தல் ஆயிற்று.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கடத்தலுக்கு அந்த மொழியில் ‘கோந்த்ரபாந்த்’ என்று பெயர். ஆட்சியாளர் பறையறைந்து சொன்னதற்கு எதிரானது என்பதே அதன் வேர்ப்பொருள். பாவம் என்றோ திருட்டு என்றோ அந்தச் சொல்லில் இல்லை. நம் பெண்களும் ‘கடத்தப் போறேன்’ என்று சொன்னதில்லை. ‘அரிசிக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

தடை வந்ததும் இரு பக்கத்து விலையும் வெகுதூரம் விலகின. அந்த இடைவெளிதான் அத்தனை பேருக்கும் கூலி. அரிசி கொடுத்த மில்காரர், இடுப்பிலும் மடியிலும் கட்டிச் சுமந்த பெண், அந்தப் பக்கம் காத்திருந்த தரகர், கண்டும் காணாமல் இருந்தவர் என்று எல்லாருக்கும் அதில் பங்கு. சரக்கை ஏன் ஐந்தும் பத்துமாகப் பிரித்தார்கள்? ஒரு பொட்டலம் பிடிபட்டால் நட்டம் ஒரு பொட்டலத்தோடு போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனி செய்யும் வேலையை அங்கே பத்துப் பெண்களின் இடுப்பு செய்தது.

சட்டப்படி நடக்கும் வியாபாரத்தில் ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். இங்கே எங்கே போவது? பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம் 1893-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: எந்த ஒப்பந்தமும் ஒப்பந்தத்தால் மட்டும் நிற்பதில்லை, எழுதாத வழக்கங்கள்தான் அதைத் தாங்குகின்றன. செங்கோட்டை வண்டியில் இது கண்கூடு. கடனுக்கு அரிசி கொடுத்தவர் சீட்டு எழுதி வாங்கவில்லை. அவருக்கு அந்தப் பெண்ணின் தெரு தெரியும், மாமியார் வீடு தெரியும். பணம் வராவிட்டால் மறுநாள் அவளுக்கு அரிசி கிடையாது. செய்தி தெருவெல்லாம் பரவிவிடும்.

கள்ளச்சந்தைக்கும் நல்ல சந்தைக்கும் நடுவே சுவரும் கிடையாது. மில் லைசென்ஸ் உள்ளது, ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, அரிசியும் நல்ல அரிசி. நடுவில் அந்த மலைக்கணவாய் மட்டும்தான் குற்றம். அதைத் தாண்டிக் கடைச் சாக்கில் கொட்டிவிட்டால் எது கடத்தல் அரிசி என்று யாரால் சொல்ல முடியும்?

தண்டனைதான் சமமாகப் பங்கிடப்படவில்லை. எழுத்தராக இருந்த காலத்தில் பறிமுதல் பதிவேடுகளை நான் பிரதி எடுத்திருக்கிறேன். பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ. நேரே பெரும்பாலும் பெண் பெயர், அதற்கு நேரே பெருவிரல் ரேகை. அரிசி யாருடையது என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இருக்கவில்லை.

1970-களின் கடைசியில் மண்டலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. விலை இடைவெளி சுருங்கியதும் மடிப் பொட்டலங்களும் குறைந்தன. காவலர்கள் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை விலை சாதித்தது.

இப்போது 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அதுவும் லாரியிலும் வேனிலும் புளியரைச் சோதனைச் சாவடியில் பிடிபடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். பழைய கதைதானே என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. அன்று போனது விளைந்த இடத்தில் விலை கொடுத்து வாங்கிய அரிசி. இன்று போவது ஏழை வீட்டு உலைக்கென்று அரசு பணம் கொடுத்து வாங்கிய அரிசி. ஒன்றுமட்டும் மாறவில்லை: வண்டியோட்டி பிடிபடுகிறான், அரிசிக்காரர் பிடிபடுவது அபூர்வம். அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் சாவடிக்கு அர்த்தம் உண்டு.