மாதிரியில் எஞ்சிய மரக்கலம்

சில இல்லங்களின் வரவேற்பறையில், கண்ணாடிப் பேழைக்குள் சிறியதொரு பாய்மரப் படகு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதை வெறும் அலங்காரப் பொருளாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் இத்தகைய மாதிரிகளே படகு கட்டுவோரின் முதற்கருவியாக விளங்கின.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் பலர், காகிதத்தில் வரைவதற்கு முன் மரத்தில் செதுக்கினர். படகின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் அமைவதால், பாதி உடலைச் செதுக்கினாலே போதும். பலகைகளை அடுக்கிப் பொருத்தி, கண்ணுக்கும் கைக்கும் நிறைவு தரும்வரை இழைப்பர். பின்னர் அடுக்குகளைப் பிரித்து, விளிம்புகளை அளந்து, அவ்வளவுகளைப் பெருக்கி முழுப் படகையும் கட்டுவர்.

இத்தகைய மரபில் வந்த ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் வடிவமைத்த உல்லாசப் படகுதான் ‘அமெரிக்கா’. இரண்டு பாய்மரங்களும் ஏறத்தாழ 101 அடி நீளமும் கொண்ட அது, 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ஆங்கிலேயப் படகுகளை வென்றது. அன்று பெற்ற வெள்ளிக் கோப்பையே, அப்படகின் பெயரால் ‘அமெரிக்கா கோப்பை’ என இன்றளவும் வழங்குகிறது.

புகழ் நிலைத்தது, படகு நிலைக்கவில்லை. உள்நாட்டுப் போரில், 1862இல் அது புளோரிடாவின் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டது. மீண்டும் தூக்கப்பட்டு எதிர்த்தரப்பின் கடற்படைப் பணியில் அமர்ந்தது. 1921இல் அன்னபொலிஸ் கடற்படைக் கழகத்தை அடைந்தது. அங்கே பராமரிப்பின்றிச் சிதையத் தொடங்கியது. 1942 மார்ச்சில் பெய்த கடும்பனியால் கொட்டகையின் கூரை அதன்மேல் இடிந்து விழுந்தது. 1945இல் அது உடைத்து அகற்றப்பட்டது.

எனினும் அதன் வடிவளவுகள் பதிவாகியிருந்தமையால், 1967இல் அதே உருவில் மற்றொரு படகை நீரில் இறக்க இயன்றது. 64இல் ஒரு பங்காகச் செய்தால், அப்படகின் உடல் ஏறத்தாழ 19 அங்குலமே. ஒரு மேசையில் அடங்கிவிடும். அளவுகள் பிழையற்றவையாயின், அந்த 19 அங்குலத்திலிருந்து 101 அடியையும் மீட்டெடுக்கலாம்.

நம் முன்னோரின் வீடுகளும் தொழிற்கருவிகளும் கண்முன்னே மறைந்து வருகின்றன. அனைத்தையும் காக்க நம்மால் இயலாது. ஆனால் அளந்து, வரைந்து, எழுதி வைக்க இயலும். அடுத்த தலைமுறைக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய அமானிதம் அது.