அளவையியற் செய்நிரலில் எண்ணும் எதிர்மறையும்

'இல்லை' என்னும் விடை இருவகைப்படும். ஒன்று இன்மையை நிறுவிக் கூறுவது. மற்றது தேடியும் கிட்டாமையாற் கூறுவது. அளவையியல் விதிகளையே கணினிக்குச் செய்நிரலாக வகுத்தோர் நெடுநாள் இடர்ப்பட்டது இவ்விரண்டன் வேற்றுமையிலேயாம்.

பிரான்சு நாட்டு மார்செயில் நகரில் 1972ஆம் ஆண்டளவில் அலென் கொல்மெறோவரும் அவர்தம் குழுவினரும் ஆக்கியது பிறொலொக் மொழி. அதில் வழக்கூன்றிய முறைப்படி, ஒரு கூற்றை நிறுவும் முயற்சி முற்றாகத் தோற்குமாயின் அதன் எதிர்மறை மெய்யெனக் கொள்ளப்படும். இதற்குரிய அளவையியல் அடிப்படையைக் கீத் கிளாக் 1978இல் வெளியான கட்டுரையில் வகுத்தார். ஆயினும், மதிப்பறியா மாறி எதிர்மறைக் கூற்றில் நிற்குமிடத்து அம்முறை பிழைபடும். எண்கணிதமோ அம்மொழியில் ஒட்டுப்போட்டது போலவே அமைந்தது. மதிப்பறியா மாறியை ஓர் எண்ணோடு ஒப்பிடப் பணித்தால் பொறி பிழைகாட்டி நின்றுவிடும்.

இப்பின்னைய குறைக்குப் பொதுமுறையான தீர்வு 1987இல் ஜாபர், லசே என்னும் இருவர் வெளியிட்ட கட்டுப்பாட்டு அளவையியற் செய்நிரலாக்கக் கொள்கையாற் கிட்டியது. அதன்படி சமன்பாடுகளும் சமனிலிகளும் கட்டுப்பாடுகளாகத் திரட்டப்பட்டு, அவை ஒருங்கே நிறைவேறத்தக்கனவா என ஆராயப்படும்.

எதிர்மறையின் பழைய நோய் இதனால் தீர்ந்திலது. 40 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றவன் சித்தியெய்தியவன் என்பது விதியாகுக. 'எப்புள்ளி பெற்றவன் சித்தியெய்தாதவன்?' எனப் பழைய எதிர்மறை முறையில் வினவின், சித்திக்குரிய புள்ளிகள் உளவாதலின் எதிர்மறை தோற்று, 'அத்தகைய புள்ளி இல்லை' என்றே விடை வரும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் நகைப்பர்! டேவிட் சான் 1988இற் காட்டிய ஆக்கமுறை எதிர்மறை, உட்கூற்றின் விடைகளையெல்லாம் முதலிற் பெற்று, அவற்றை மறுத்துப் புதிய விடையை ஆக்குவது. பீற்றர் ஸ்ரக்கி 1991இல் இதனைக் கட்டுப்பாடுகளுக்கு விரித்தார். இப்பொழுது மேலை வினாவிற்கு 'புள்ளி 40இற் குறைந்தது' என்னும் விடை பிறக்கும்.

சமனிலியை மறுப்பின் மற்றொரு சமனிலியே வருதலின் இங்கு இடரில்லை. இடரெல்லாம் விடையினுள் மறைந்து நிற்கும் மாறியாலேயே விளையும். மறுப்பதன்முன் அதனை அகற்றல் வேண்டும். மெய்யெண்களின் ஏகபரிமாணச் சமனிலிகளில் அதனை அகற்றப் பூரியே என்பாரின் பழைய முறை உண்டு. முழுவெண்களில் அது போதாது. 'ஏதோ ஒரு முழுவெண்ணின் இருமடங்கு' என்பதை மறைமாறியின்றிச் சொல்ல, வகுபடுதல் என்னும் உறவையும் சேர்த்தல் வேண்டும். கூட்டலளவில் நின்ற எண்கணிதத்திற்கு இதனைப் போலந்து அறிஞர் பிறெஸ்பேகர் 1929இலேயே செய்திருந்தார். மாறியை மாறியாற் பெருக்கத் தொடங்கினாலோ, முழுவெண் சமன்பாடொன்றுக்குத் தீர்வு உண்டா எனத் துணியும் பொதுவழியே இல்லையென 1970இல் மதியசேவிச் நிறுவிவிட்டார். ஆதலால் அத்தகைய கட்டுப்பாடுகளை, போதிய மாறிகளுக்கு மதிப்புக் கிட்டும்வரை ஒத்திவைக்கும் வழக்கமும் தோன்றியது.