சிற்றிலும் சிறுதேரும்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணலிலே ஒரு சிறுவன் வீடு கட்டுகின்றான். கொட்டாஞ்சேனையிலே மற்றொருவன் புனித லூசியாள் பேராலயத்தடியிற் புறப்பட்டு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில்வரை ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றித் திரிகின்றான். இருவருக்கும் கட்டளையிடுவார் இல்லை. ஆயினும் இருவரது சுதந்திரமும் ஒன்றன்று. முன்னவன் இல்லாததை ஆக்குகின்றான். பின்னவன் பிறர் ஆக்கியதைக் கண்டறிகின்றான்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களிலும் சிற்றில் வேறு, சிறுதேர் வேறு. சிற்றிலாவது சிறுமியர் மணலில் இழைக்கும் விளையாட்டு வீடு. அதைக் காலால் அழிக்க வரும் பிள்ளையை ‘அழியாதே’ என அவர்கள் இரப்பர். சிறுதேரோ முன்னரே உள்ள தெருவில் உருட்டிச் செல்வது.

கணினி விளையாட்டுக்களைப் பற்றிப் பேசுவோர் ‘ஓப்பின் வேர்ல்ட்’, ‘சாண்ட்பொக்ஸ்’ என்னும் இரு பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகின்றனர். முன்னது திறந்த உலகம், பின்னது மணற்பெட்டி. பெற்றோர்க்கு இது வெறுஞ் சொற்பூசலாகத் தோன்றலாம். ஆயினும், பிள்ளை அங்கே விருந்தினனா, கொத்தனா என்பது சிறிய வினா அன்று.

1986இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘த லெஜண்ட் ஒப் செல்டா’வுக்கு, சிறுவயதிற் காடும் குகையும் தேடி அலைந்த தம் நினைவே வித்தென்று அதனை ஆக்கிய ஷிகெரு மியமோட்டோ கூறியுள்ளார். 2001இல் வந்த ‘கிராண்ட் தெப்ட் ஓட்டோ 3’ ஒரு முழு நகரத்தையே திரையில் விரித்தது. ஒப்படைத்த வேலையை மறந்து மனம்போனபடி வண்டியோட்டித் திரியலாம். ஆனால் ஒரு சுவரிலே புதிய கதவொன்று வைக்க இயலாது. நொறுக்கிய வண்டியும் சற்று நேரத்தில் மறைந்துவிடும். நகரம் பழைய நகரமே.

மணற்பெட்டியின் கதை இதனினும் சுவையானது. அமெரிக்கரான வில் றைற் 1984இல் குண்டுவீசும் ஹெலிகொப்ரர் விளையாட்டொன்றை ஆக்கினார். அதிலுள்ள தீவுகளை அழிப்பதைக் காட்டிலும், அவற்றை வரைவதற்குத் தாம் செய்துகொண்ட கருவியிற் பாதையும் கட்டடமும் அமைப்பதே அவருக்கு மிகுந்த இன்பந் தந்தது. அவ்வின்பத்திற் பிறந்தது 1989இன் ‘சிம்சிற்றி’. ஊரை எழுப்பியவனே, வேண்டுமானால் நிலநடுக்கத்தை வரவழைத்து அதைச் சிதைக்கவுஞ் செய்யலாம்!

2011இல் முழு வடிவம் பெற்ற ‘மைன்கிராஃப்ட்’ இரண்டையும் இணைத்தது. நடக்க நடக்க நிலம் விரிகின்றது. அதே நிலத்தைக் கட்டி கட்டியாகத் தோண்டி வீடும் எழுப்பலாம். சிற்றிலைச் சிதைக்க வரும் பிள்ளையும் அங்கே உண்டு. கிரீப்பர் என்னும் பச்சைநிறப் பிராணி ஓசையின்றி வீட்டை அணுகி வெடிக்கின்றது. அதனிடம் எவ்வளவு இரந்தும் பயனில்லை.