பால்மரமும் தச்சர் பட்டறையும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கே, ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது மூவார் நகரம். மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பாதிக்கு மேல் இந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த பட்டறைகளில் உருவாகின்றன. கட்டில், அலமாரி, உணவு மேசை எனக் கப்பலேறிச் செல்லும் அப்பொருள்களிற் பெரும்பகுதி எம்மரத்தால் ஆனது என வினவினால், விடை தோட்டப்புறத் தமிழரை வியப்பில் ஆழ்த்தும். அவர்தம் பாட்டனும் பாட்டியும் இருள் பிரியுமுன் நிரைபிடித்துச் சீவிய அதே பால்மரந்தான் அது.

1877-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்த 22 கன்றுகளே இந்நாட்டு ரப்பருக்கு மூலம். மரம் மடியாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அத்தோட்டத்தின் தலைவர் ரிட்லி வகுத்தளித்தார். கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றதும், சிகாமாட், குளுவாங் வட்டாரக் காடுகள் தோட்டங்களாக மாறின. இந்திய அரசு 1938-இல் தடைவிதிக்கும்வரை, கங்காணிமார் வழியே தமிழர் வந்தவண்ணம் இருந்தனர்.

அக்காலத்தில் பாலுக்கே விலை, மரத்துக்கு இல்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குன்றிய மரங்கள் சாய்க்கப்பட்டு விறகாயின. 1960-களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா எஃகு ஆலை அவற்றின் கரியைக்கொண்டே ஊதுலையை எரித்தது. தச்சர் அம்மரத்தை ஒதுக்கியதற்குக் காரணமும் உண்டு. மாச்சத்து மிகுந்த அதன் தண்டில், வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூசணம் படரும், வண்டு துளைக்கும். செங்கால் மரத்தில் பழகிய கை அதனைத் தொடுமா?

கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் முதலானவற்றின் ஆய்வுகள் இக்குறைக்கு வழி கண்டன. மரத்தை விரைந்து அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையறையில் ஈரம் பத்து விழுக்காட்டளவுக்குக் குறையும்வரை உலர்த்தினர். 1980-களில் தளவாடத் தொழில் இம்மரத்தை நம்பி வளரலாயிற்று. மூவாரில் இதனை முன்னெடுத்தவர் பெரும்பாலும் சீனத் தச்சுக் குடும்பத்தினர்.

எனினும் இது தச்சருக்கு எளிய மரமன்று. தண்டு குட்டை, கணுக்களோ பல. ஆகவே நல்ல பகுதிகளைச் சிறு துண்டுகளாக அறுத்து, இரு கை விரல்களைக் கோத்தாற்போல் முனைகளை இணைத்து, பசையிட்டு, அகன்ற பலகையாக்க வேண்டும். நிறம் ஒவ்வாத இரு துண்டுகள் அருகருகே அமைந்துவிட்டால் அலமாரிக் கதவின் அழகு கெடும். அதனைத் தேர்ந்து அடுக்கும் கண்ணே தச்சரின் கல்வி.

பால்வெட்டும் கருவியைத் தோட்டத்தார் உளி என்றே வழங்கினர். தச்சர் கையிலிருப்பதும் உளியே. இவ்வொற்றுமை பெயரளவில் நிற்பதன்று. பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள உயிர்ப்படலத்தைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவுதல் வேண்டும். அதனை விளக்கொளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவரைக் கூலி என்ற ஒரு சொல்லில் அடக்கியது பெரும்பிழை. தச்சரைக் கைவினைஞர் எனப் போற்றும் நூல்கள் அவரையும் அவ்வாறே அழைத்திருத்தல் வேண்டும்.

செம்பனைக்காகவும் வீட்டுமனைக்காகவும் தோட்டங்கள் அழிந்தபோது மரங்கள் லாரியேறின. குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தன. மரம் அருகிப்போகவே, அறுத்த ரப்பர் மரத்தின் ஏற்றுமதியை அரசு 2017-இல் தடைசெய்தது. பட்டறையில் அடிமரத்தை அறுக்கும் தச்சர், உளி ஆழப் பதிந்த இடத்தைக் கறையும் முடிச்சும் கொண்டு கண்டறிந்து வெட்டி எறிகிறார். செம்மையாகச் சீவிய மரத்திலோ, வெட்டியவர் கைபட்ட சுவடே பலகையில் இராது.