வீட்டு வரிச் சலுகை வந்த கதை



வீட்டு வரி ரசீதை நாம் எல்லாரும் பத்திரமாக வைத்திருப்போம். கரண்டு கனெக்‌ஷனா, லோனா, முதலில் அதைத்தான் கேட்பார்கள். அந்த வரியில் சலுகை என்பது எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

குடியிருக்கிற இடமும் விளைகிற நிலமும் ஒன்றல்ல என்பது நம் ஊரில் பழைய நியாயம். சுமார் 1000 வருஷத்துக்கு முன்பு ராஜராஜ சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலக் கணக்கு இருக்கிறது. அதில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இதையெல்லாம் கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள். நத்தம் பட்டா என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே நத்தம்தான்.

பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சி வந்தது. வடக்கே காசியில் 1810-ல் வீட்டுக்கு வரி என்று சட்டம் போட்டார்கள். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் கம்பு எடுக்கவில்லை, கல் எறியவில்லை. அந்த டிசம்பர் மாதம் கடைகளைப் பூட்டினார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து திறந்த வெளியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கொல்லர்கள் பட்டறையை மூடிவிட்டு, சுற்றூரில் இருந்த சொந்தக்காரர்களையும் வரச் சொன்னார்கள். படகுக்காரர்கள் படகு ஓட்டவில்லை. ஒவ்வொரு சாதியாரும், ஒவ்வொரு தொழிலாளியும் சேர்ந்ததால் ஊரே நின்றுபோனது.

1811 ஜனவரியில் அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. ரொம்ப ஏழைகளின் வீட்டுக்கு வரி வேண்டாம் என்றது. 1812-ல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் பழைய அரசாங்கக் கடிதங்களில் தேடி எடுத்து, தரம்பால் என்ற காந்தியவாதி 1971-ல் புத்தகமாகப் போட்டார். காந்தி பிறப்பதற்கு 50 வருஷத்துக்கும் முன்பே நம் ஜனங்களுக்கு இந்த வழி தெரிந்திருக்கிறது!

இப்போது சலுகைகள் பலவிதம். மும்பை மாநகராட்சியில் 500 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 2022 முதல் சொத்து வரி தள்ளுபடி. டெல்லி மாநகராட்சியில் வீடு பெண் பேரில் இருந்தால், ஒரு வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதம் குறைக்கிறார்கள். பெண் பேரில் வீடு இருப்பது கௌரவம் மட்டும் இல்லை, கையில் காசும் மிச்சம்.

நம் கிராமங்களில் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி வீட்டு வரியை ஊராட்சிதான் வாங்குகிறது. தெரு விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் அந்தப் பணமும் வேண்டும். அதனால் கட்டவே மாட்டோம் என்று சொல்லக் கூடாது. ஆனால் கணக்குக் கேட்கலாம். நம் வீட்டை எப்படி அளந்தார்கள், ரசீது யார் பேரில் இருக்கிறது, இடிந்துபோன வீட்டுக்கும் வரி ஏன் வருகிறது என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஒருத்தி கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். குழுவே எழுந்து நின்றால் நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். காசி ஜனங்கள் காட்டிய வழியும் அதுதான்.